அப்பளசாமி டயர் கடையின் பக்கம்

ஊத்தான் மெலிந்தாங் முச்சந்தியில்
செம்பனை லோரிகள் வேகம் குறைக்கிற இடத்தில்
எங்கள் கடை.
நான் கணக்கு எழுதுகிறவள்.
சம்பளத்தோடு சேர்த்து
கடையின் முகநூல் பக்கமும் என் தலையில்.

கோலாலம்பூரிலிருந்து கிஷாந்தன் வந்தான்,
ஆலோசனைக்கு மாதம் அறுநூறு வெள்ளி.
"அப்பளசாமி வேண்டாம், ஆப்ஸ் டயர்னு வைப்போம்,
இளசுகளுக்குப் பிடிக்கும்."
முதலாளி கையிலிருந்த இரும்பைக் கீழே வைக்காமலே
"சிம்மாசலத்துச் சாமி பேருடா அது" என்றார்.

பெயர் தப்பியது.
மற்றதெல்லாம் அவன் சொன்னபடி:
காலையில் சூரியகாந்தி, மாலையில் பொன்மொழி,
வெள்ளிக்கிழமை அம்மன்.
ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் சாவிக்கொத்து இலவசம்.

இதயங்கள் பதினொன்று.
ஒன்று நான். ஒன்று என் வீட்டுக்காரர்.
இரண்டு முதலாளி, இரண்டு கைப்பேசியிலிருந்து.
ஒன்று டாக்காவில் யாரோ, பாவம், விரல் தவறியிருக்கும்.
மீதியைக் கிஷாந்தன் எங்கிருந்தோ கொண்டுவந்தான்.

பிறகு ஒரு செவ்வாய், இரவு ஒன்பதே முக்கால்.
பக்கத்தில் ஒரு படம் வந்து விழுந்தது:
கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்,
முன்சக்கரம் சப்பையாய்,
பிடியில் தொங்கும் சோற்றுத் தூக்கு,
இருபுறமும் செம்பனை, அதற்கப்பால் ஒன்றுமில்லை.
'நேத்துதான் ஒங்க கடையில டியூப் மாத்தினேன்.
ஆலையிலேருந்து ரெண்டு மைல் தள்ளிட்டு வர்றேன்.
பொன்மொழி போட மட்டும் தெரியுது.'
கீழே பெயர்: கோமளவேணி.

"அழிச்சிடுங்க அக்கா" என்றான் கிஷாந்தன்,
"பத்து நிமிஷத்துக்குள்ள அழிச்சா யாரும் பாக்க மாட்டாங்க."
முதலாளியை அழைத்தேன்.
அன்று காலைதான் தெலுக் இந்தானில் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்,
வாய்க்குள் பஞ்சு. ஒரு சொல்லும் விளங்கவில்லை.
பிறகு பார்த்தால் அவரே எழுதியிருந்தார்,
ஒற்றை விரலில், முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லாமல்:

'ஒரு முள்ள எடுத்தேன் இன்னொரு முள்ளு டயருக்குள்ள இருந்திருக்கு
கைய விட்டுத் தடவிப் பாக்கல என் தப்பு
எந்தப் பாலத்துகிட்ட நிக்கிறிங்க வர்றேன்
பல்லு புடுங்கிருக்கு பேசலன்னா கோவிச்சுக்காதிங்க'

பாலத்தருகே என்ன நடந்தது, எனக்குத் தெரியாது.
யாரும் படம் எடுக்கவில்லை;
அதைத்தான் கிஷாந்தன் இன்றுவரை புலம்புகிறான்.
மறுநாள் இருப்பில் ஒரு டியூப் குறைந்தது, எதிரே காசு இல்லை.
ஏதாவது எழுத வேண்டுமே,
'தடவிப் பார்க்கவில்லை' என்று எழுதினேன்.

பக்கத்தைத் திறந்தால் கூட்டம்.
பல்லு எப்படி?
உப்புத் தண்ணி கொப்பளிங்க, சூடா வேணாம்.
எந்த டாக்டர்? எனக்கு நல்ல பல்லப் புடுங்கினவனா?
லோரிக்கார வடிவேலன், பக்கத்தையே அதுவரை எட்டிப் பார்க்காதவர்:
'புது டயர் இப்ப வேணாம், ஆறு மாசம் ஓடும்னு
போன வருசம் என்னைத் திருப்பி அனுப்பின ஆளு.'
அறுபத்திரண்டு பேர்.
டயரைப் பற்றி மூன்றே மூன்று.

கோமளவேணி எதுவும் எழுதவில்லை,
இதயமும் போடவில்லை.
சனிக்கிழமை காற்றடிக்க வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
ஒரு பப்பாளியை என் மேசையில் வைத்தாள், நன்றாகக் கனிந்தது.
"மெல்ல வேண்டாம்ல" என்றாள். போய்விட்டாள்.

கிஷாந்தன் மடிக்கணினியைத் திறந்தான்:
"பல்லை வச்சு ஒரு தொடர் பண்ணலாமா? வாரம் ஒண்ணு?"
"அவ்வளவு பல்லு எங்கிட்ட இல்ல தம்பி."
முதலாளி சிரித்தார், இடைவெளி தெரிய.

சூரியகாந்தி நின்றுவிட்டது.
எந்தச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறது,
எந்தப் பக்கம் மட்டை வெட்டுகிறார்கள், முள் கிடக்கும்,
அதை எழுதுகிறேன்.
சில நாள் சொல்ல ஒன்றுமிருக்காது.
சும்மா இருக்கத்தான்
பழக வேண்டியிருந்தது.
சாவிக்கொத்துகள் இன்னும் பெட்டியில்.

நேற்று அவரே போட்ட பதிவு:
'நாளைக்குக் கடை இல்ல இன்னொரு பல்லு
அவசரம்னா எதுத்த கடை தான் சூன்கிட்ட போங்க
அவனும் டயருக்குள்ள
கைய விட்டுத் தடவிப் பாப்பான்'